ஒன்பது புள்ளி ஆறு

செப்டம்பர் 2, திங்கள்

விருந்தாளி வந்து இன்றோடு இரண்டு வருடம். அம்மா காலையில் அதை ஏதோ நல்ல செய்தி மாதிரி சொன்னாள்.

மாமாவுக்குக் கப்பலில் சமையல் வேலை. மாமி இறந்த மறுமாதம் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "ஆறு மாசம் மட்டும் பார்த்துக்கக்கா" என்று அம்மாவிடம் கண்ணைக் கசக்கினார். சாவு வீட்டு முகத்தோடு வந்து நிற்கிறவரிடம் யார் முடியாது என்று சொல்வது? கப்பல்காரர்களுக்கு ஆறு மாசம் என்றால் எவ்வளவு என்று நாங்கள்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

என் அறையில் பாதி அவளுக்கு. அலமாரியில் பாதி. என் வகுப்பு, என் பஸ், என் பெஞ்சு. முதல் ரேங்க் மட்டும் பாதியாகக் கூட இல்லை, முழுசாக அவளுக்கு. அவள் வரும்வரை அது என்னுடையது. இப்போது நான் இரண்டாவது. "அவளைப் பார்த்துக் கத்துக்கோ" என்கிறார் அப்பா. என்னத்தைக் கற்றுக்கொள்வது? அடுத்தவர் வீட்டில் சத்தம் போடாமல் சாப்பிடுவதையா?

இன்று கணக்கு டீச்சர் ப்ராஜெக்ட் கொடுத்தார். ஐந்து பேர் கொண்ட குழு. எண்ணக்கூடிய இரண்டு விஷயங்களைப் பத்து நாள் குறித்து, புள்ளி வைத்து, ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு ஒட்டி நடக்கின்றன என்று சொல்லும் r, ஒன்றை நெருங்க நெருங்க ஒட்டு அதிகம்) கண்டுபிடித்து, கோடு போட வேண்டும். x ஏறும்போது y எவ்வளவு ஏறும் என்று அந்தக் கோடு சொல்லும். நாளைக்கு என்ன நடக்கும் என்று கூடச் சொல்லுமாம். ஜோசியக்காரன் பிழைப்பில் மண் என்றாள் என் சிநேகிதி பம்பரம்.

செப்டம்பர் 4, புதன்

பெரிய செய்தி. வெளியூரில் இருக்கும் அந்தப் பெரிய கல்லூரி புள்ளியியல் படிப்புக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒருத்தியை எடுத்துக்கொள்ளும். விடுதி, சாப்பாடு, எல்லாம் அவர்களே. செப்டம்பர் 30 மாதிரித் தேர்வில் கணக்கில் யார் முதலோ அவள் பெயரைத் தலைமையாசிரியை அனுப்புவார்.

அப்பா: "ரெண்டு பேர்ல ஒருத்தி போறீங்க. இன்னொருத்தி இங்கயே ஏதாவது வேலையப் பார்த்துக்கலாம்."

சொல்லும்போது அவர் பார்த்தது அவளை. போகிறவள் யார் என்று அவர் கண்ணே முடிவு செய்துவிட்டது. இந்த ஊரில் இன்னொருத்தியாக இருப்பதற்கு நான் செத்துப்போகலாம்.

செப்டம்பர் 6, வெள்ளி

எங்கள் குழு: நான், நெட்டை, பம்பரம் (ஒரு நிமிடம் உட்கார மாட்டாள்), கடைசி பெஞ்சு இரட்டையர். என்ன எண்ணுவது என்று மதியம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டோம். பஸ் தாமதம், கேன்டீன் பன், எல்லாம் சப்பென்று இருந்தது.

அப்போது விருந்தாளி எங்களைத் தாண்டிப் போனாள். நெட்டை சும்மா, "இன்னிக்கு உன் டிபன் பாக்ஸ் அழகா இருக்குடி" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. விளக்குப் போட்ட மாதிரி. ஒரு டிபன் பாக்ஸுக்கு.

எனக்கு அங்கேயே வந்துவிட்டது. x என்பது ஒரு நாளில் எங்கள் ஐந்து பேரில் எத்தனை பேர் அவளிடம் பேசுகிறோம். y என்பது தினமும் கடைசிப் பீரியடில் நடக்கும் கணக்கு ஸ்லிப் டெஸ்ட்டில் அன்று அவள் வாங்கும் மதிப்பெண், இருபதுக்கு.

பம்பரம் கொஞ்சம் தயங்கினாள். "பாவம்டி." நான் கேட்டேன், "அடிக்கப் போறோமா? திட்டப் போறோமா? பேசாம இருக்கறது குத்தமா?" அவளே நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். 

விதிகளை நான் எழுதினேன், தகவல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக. முதல் நாள் மாலையே சீட்டு எடுப்போம். எத்தனை பேர், யார் யார் என்று அது சொல்லும். காலை எழுந்ததிலிருந்து டெஸ்ட் முடியும்வரை சீட்டுதான் சட்டம். டெஸ்ட் முடிந்த பிறகு எல்லாரும் சாதாரணமாக இருக்கலாம்.

விதி ஒன்று: முகத்தைப் பார்த்து, அவள் கேட்காமல், நாமாகச் சொன்னால்தான் பேச்சு.
விதி இரண்டு: அவள் கேட்டதற்கு "ம்" சொல்வது பேச்சு இல்லை.
விதி மூன்று: அவள் காதுபட இன்னொருவரிடம் சொல்வது பேச்சு இல்லை.

செப்டம்பர் 9, திங்கள்

சீட்டு ஐந்து. ஐந்து பேரும் பேசினோம். நான் காலையில் அவள் பின்னலை எடுத்துக் காட்டி, "இந்தப் பக்கம் தூக்கியிருக்கு பாரு" என்றேன். பதினேழு.

செப்டம்பர் 10, செவ்வாய்

பூஜ்யம். பல் துலக்கும்போது "தூக்கம் வரலையா நேத்து?" என்று கேட்டாள். ம். பஸ்ஸில் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் நின்றுகொண்டே வந்தேன். மதியம் தனியாகச் சாப்பிட்டாள், டப்பாவின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து. ஏழு.

ஏழு! இவளா! சந்தோஷத்தில் அந்தப் புள்ளியை இரண்டு தடவை அழுத்தி வைத்தேன்.

மாலையில் சாதாரணமாக, "பேனா குடு" என்றேன். ஓடி வந்து கொடுத்தாள்.

செப்டம்பர் 12, வியாழன்

நேற்று மூன்று பேர் (நானும் உண்டு), பதினாறு. இன்று ஒன்று (நெட்டை மட்டும்), எட்டு. வரைபடத்தாளில் புள்ளிகள் படி ஏறுவது போல ஏறுகின்றன. கணக்கில் இவ்வளவு இன்பம் இருப்பதாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

எரிச்சல். இன்று நான்கு பேர் பேசினார்கள். சீட்டில் என் பெயர் மட்டும் வரவில்லை. பம்பரம் கட்டிப்பிடிக்கக் கூடச் செய்தாள், இரட்டையர் போட்டி போட்டுக்கொண்டு கதை சொன்னார்கள். வாங்கியது ஆறு. இவ்வளவு செய்தும் ஆறு. நன்றி கெட்டவள். என் படத்தையே கெடுத்துவிட்டாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

நேற்று ஐந்து, பதினெட்டு. இன்று இரட்டையர் இருவர், ஒன்பது. மறுபடி ஒழுங்குக்கு வந்துவிட்டாள்.

அம்மா கேட்டாள்: "காலையில ஏன்டி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிறே, சாயங்காலம் சரியாயிடற? அந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சு உன்னை?" தூக்கக் கலக்கம் என்றேன்.

செப்டம்பர் 18, புதன்

ஒன்று. அந்த ஒன்று நான். வாசலில் செருப்பு போடும்போது, "குடைய எடுத்துக்கோ, மழை வரும்" என்றேன். அவ்வளவுதான். அதோடு முடித்துக்கொண்டேன், மற்ற யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

பதினேழு!

இந்தப் பெண்ணுக்கு என்ன கேடு? நான்கு பேர் பேசினால் ஆறு, ஒருத்தி பேசினால் பதினேழு. மழையும் வரவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

நேற்று நான்கு (நான் உட்பட), பதினாறு. இன்று பூஜ்யம், ஆறு. பத்து நாள் முடிந்தது. இரண்டு புள்ளிகள் மட்டும் கூட்டத்தை விட்டு விலகி, அழைக்காத இடத்துக்கு வந்தவர்கள் மாதிரி நிற்கின்றன.

செப்டம்பர் 21, சனி

காலை முழுக்க r கண்டுபிடித்தேன். 1.64 வந்தது. திரும்பப் போட்டேன். திரும்பவும் 1.64. இது ஒன்றைத் தாண்டவே கூடாது என்று எனக்கே தெரியும். எங்கே பிசகு என்று பிடிபடவில்லை. அழுகை வந்துவிட்டது. கடைசியில் வேறு வழி இல்லாமல் விருந்தாளியிடம் கொண்டுபோனேன்.

x என்னவென்று சொல்லவில்லை. "பக்கத்து வீட்டு நாய் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குரைக்குது, அப்பா எத்தனை கொட்டாவி விடறார்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். என் கட்டிலில் உட்கார்ந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பார்த்தாள்.

"அஞ்சோட வர்க்கம் பத்தாடி?"

ரெண்டு இடத்தில் 25-க்குப் பதில் 10 போட்டிருக்கிறேன். மானம் போயிற்று. அவளே புதிதாகப் போட்டுக் கொடுத்தாள். y வரிசைக்கு வந்ததும் அவள் பென்சில் கொஞ்சம் நின்றது. பதினேழு, ஏழு, பதினாறு, எட்டு, ஆறு... விரலை ஒவ்வொன்றின் மேலும் வைத்துக்கொண்டே போனாள். அதன்பிறகு சிரிக்கவில்லை. ஆனால் கணக்கை நிறுத்தவும் இல்லை. பெருக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அழகான கையெழுத்தில் அடியில் எழுதினாள்: r = 0.59.

"இந்த ரெண்டு புள்ளியையும் அழிச்சிடாதே," என்றாள் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது. "அது ஏன் அங்க நிக்குதுன்னு கேளு."

கண்டுபிடித்துவிட்டாளா? இருக்காது. கண்டுபிடித்திருந்தால் அழுதிருப்பாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

0.59 கேவலமாக இருக்கிறது. இரண்டு புள்ளிகளையும் அழித்தேன். எட்டுப் புள்ளிக்கு r = 0.96. கோடு y = 6.25 + 2.35x. பூஜ்யம் பேர் பேசினால் ஆறேகால், ஐந்து பேர் பேசினால் பதினெட்டு. கத்தியால் கீறியது போல ஒரு கோடு.

மாதிரித் தேர்வு அன்று x என்னவாக இருக்க வேண்டும் என்று நான்தானே முடிவு செய்வேன்?  

செப்டம்பர் 26, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ப்ராஜெக்ட் தலைப்பு "தோழமையும் மதிப்பெண்ணும்" என்று கொடுத்திருந்தோம். யார் என்று சொல்லவில்லை, "ஒரு மாணவி" என்றுதான் எழுதியிருந்தோம். கணக்கு டீச்சர் உருகிவிட்டார். வகுப்பு முன்னால் விதிகளை ஒன்று விடாமல் வாசித்தார், புள்ளிகளைக் கரும்பலகையில் வைத்தார். "பேச்சுத்துணைக்கு எவ்வளவு சக்தி பாருங்க" என்றார். இருபதுக்கு இருபது.

வகுப்பு முழுக்கத் திரும்பி விருந்தாளியைப் பார்த்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இரட்டையரால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியுமா? பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் டீச்சர் வாசித்ததையும் கரும்பலகையில் இருந்ததையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள், எல்லாப் பாடத்தையும் எழுதுவது போல.

டீச்சர் கடைசியில் ஒன்று சொன்னார். "ஆனா ஒட்டுறவு இருக்குன்னா அதுதான் காரணம்னு ஆயிடாது. குடை வியாபாரம் ஏறும்போது ஜலதோஷமும் ஏறும். குடையா ஜலதோஷத்தக் குடுக்குது? பின்னாடி மழைன்னு ஒரு மூணாவது ஆள் நிக்கறான். எப்பவும் அந்த மூணாவது ஆளத் தேடுங்க."

சாயங்காலம் அறையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் துணியையும் சேர்த்து. எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவிடம் சொல்லிவிடுவாளோ என்று. அவள் நிமிராமலே சொன்னாள்.

"ரெண்டு புள்ளிய அழிச்சிட்டே."

நான் என் பையில் எதையோ தேடினேன்.

"அஞ்சாம் நாள் நாலு பேர் பேசினாங்க. நீ பேசல. எட்டாம் நாள் யாருமே பேசல. நீ மட்டும் பேசினே, குடைய எடுத்துக்கோன்னு." ஒரு பாவாடையை நீவி வைத்தாள். "உன் கோடு தப்பில்ல. x-தான் தப்பு. மத்தவங்க பேசினாலும் பேசாட்டியும் எனக்கு ஒண்ணுதான். நீ பேசினியா இல்லையா, அத மட்டும் போட்டுப் பாரு. எதையும் அழிக்க வேண்டாம்."

பிறகு, "உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். அதான் சொல்றேன்" என்றாள்.

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை கத்திவிட்டுச் சமாதானமாகியிருப்பேன். என்ன ஜென்மம் இது?

செப்டம்பர் 27, வெள்ளி

போட்டுப் பார்த்தேன். நான் பேசிய நாளுக்கு ஒன்று, பேசாத நாளுக்கு பூஜ்யம். பத்துப் புள்ளியும் இருக்கிறது, எதையும் அழிக்கவில்லை. ஐந்தின் வர்க்கம் எல்லாம் இல்லை, ஒன்றின் வர்க்கம் ஒன்றுதான், என்னாலேயே தப்பு விட முடியாது.

r = 0.98.

நான் பேசாத நாள் சராசரி 7.2. பேசிய நாள் சராசரி 16.8. கோடு y = 7.2 + 9.6x.

என் வாயிலிருந்து ஒரு வாக்கியம் விழுந்தால் ஒன்பது புள்ளி ஆறு மதிப்பெண். குடை, பின்னல், எதுவாக இருந்தாலும் சரி. என்னை இந்த உலகத்தில் யாரும் இவ்வளவு உயரத்தில் வைத்ததில்லை. அம்மா வைக்கவில்லை. அப்பா நிச்சயமாக இல்லை. ஒருத்தி வைத்திருக்கிறாள், அவளைத்தான் நான் விருந்தாளி என்று எழுதுகிறேன்.

சொன்னால் நான் இந்த ஆட்டத்தை நிறுத்திவிடுவேன் என்று நினைத்துத்தானே சொன்னாள்?

இன்று அவளிடம் பேசவில்லை.

செப்டம்பர் 28, சனி

பேசவில்லை. முன்பெல்லாம் மாலை ஆனால் விடுதலை. இப்போது மாலையும் இல்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

மதியம் எனக்குப் பிடிக்கும் என்று பாலாடையை என் தட்டில் தள்ளி வைத்தாள். சாப்பிட்டேன். பேசவில்லை.

அம்மா: "ரெண்டும் என்னடி, வாடகைக்கு இருக்கறவங்க மாதிரி?"

நூறு மதிப்பெண் தாளுக்குக் கணக்குப் போட்டேன். இருபதுக்கு 7.2 என்றால் நூற்றுக்கு 36.

செப்டம்பர் 30, திங்கள்

காலையில் வாசலில் நின்றாள். பை, தண்ணீர் பாட்டில், இரண்டு பென்சில். ஒன்றை என்னிடம் நீட்டினாள். சீவி வைத்திருந்தாள்.

"கெளம்பலாமா?"

நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தைக்கு. வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. எனக்குத் தொண்டை வரை வந்தது, சத்தியமாக வந்தது. "பென்சில் நல்லா சீவியிருக்கே" என்று சொன்னால் போதும். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். கட்டியிருந்த லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினேன். நிமிர்ந்தபோது அவள் தெருமுனையில் இருந்தாள்.

அவள் கொடுத்த பென்சிலில்தான் எழுதினேன். நன்றாக எழுதியது.

அக்டோபர் 7, திங்கள்

நான் 81. அவள் 38.

கோடு சொன்னது 36. இரண்டு மதிப்பெண்தான் வித்தியாசம்.

டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டாராம். "நல்லாத்தான் இருக்கேன் டீச்சர்" என்றாளாம். அப்பா என் தோளில் கை வைத்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவை. அந்தக் கையின் கனம் எனக்குப் பிடித்திருந்தது. இல்லை என்று எழுத மாட்டேன்.

இரவு, இப்போது பேசலாமே என்று, "விளக்க அணைக்கட்டுமா?" என்றேன்.

"ம்."

நவம்பர் 15, வெள்ளி

தலைமையாசிரியை என் பெயரை அனுப்பிவிட்டார்.

நவம்பர் 24, ஞாயிறு

தினமும் நானாகத்தான் பேசுகிறேன். முகத்தைப் பார்த்து, அவள் கேட்காமல். புது ரிப்பன் நல்லா இருக்கு என்கிறேன். ம். குளிருதா என்கிறேன். ம். சண்டை போடுவதில்லை, முறைப்பதில்லை, என் துணியையும் மடித்து வைக்கிறாள். ஆனால் "ம்" தவிர எதுவும் வருவதில்லை.

விதிகளை டீச்சர் வகுப்பில் வாசித்தபோது அவள் எழுதிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

மார்ச் 12, புதன்

பொதுத் தேர்வு. காலையில், "நல்லா எழுதுடி" என்றேன். ம் என்றாள். ஷூ லேஸ் கட்ட நான் குனியவில்லை. அவளும் நிற்கவில்லை.

மே 9, வெள்ளி

கணக்கில் அவள் 97. நான் 86.

எல்லாரும் அதிசயப்பட்டார்கள். டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இத மாதிரித் தேர்வுல எடுத்திருந்தா!" சிபாரிசு போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாது. அவளுக்கு அப்பா மருந்துக் கடையில் சொல்லி வைத்திருக்கிறார், கல்லாவில் உட்கார.

டிசம்பரிலிருந்து அவள் வாங்கிய டெஸ்ட் மதிப்பெண்களை எடுத்து வைத்துக்கொண்டு, நான் பேசிய நாளையும் பேசாத நாளையும் குறித்துப் பார்த்தேன். பேசாத நாள் என்றால் நான் ஊருக்குப் போயிருந்த நாள், காய்ச்சலில் கிடந்த நாள். பேசினாலும் பதினெட்டு. பேசாவிட்டாலும் பதினெட்டு. கோடு படுத்துவிட்டது. நான் எதற்கும் காரணம் இல்லை.

அவளுக்கு இது நல்லதுதானே? அப்புறம் எனக்கு ஏன் இப்படி அழுகை வருகிறது?

ஜூலை 8, செவ்வாய்

விடுதிக்கு வந்து எட்டு நாள். அறையில் இன்னும் மூன்று பேர். தங்களுக்குள் நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள். நான் எதையாவது கேட்டால் பதில் சொல்கிறார்கள். அலமாரியில் எனக்கு ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள், கீழ்த்தட்டு.

தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்கிறேன். அம்மா என்ன பாசம் பாரு என்று பூரித்துப்போகிறாள். அவள் கடையிலிருந்து வந்துவிடும் நேரமாகப் பார்த்துத்தான் செய்கிறேன். ஏழு நாளும் அம்மாதான் எடுத்தாள். இன்று அவள் எடுத்தாள்.

"ஹலோ?"

"நான்தான்" என்றேன். "எப்படி இருக்கே? கடையில நிக்கணுமா, உக்காரலாமா? இங்க மழை பேயுது. நான் குடை எடுத்துட்டு வரல."

அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. துணி உதறும் சத்தம் கேட்டது. மடித்துக்கொண்டிருந்திருப்பாள். பிறகு போனை வாயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"அத்தே, போன்."

என் காதில் தெளிவாக விழுந்தது. அதே குரல், கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த மாதிரி. ஆனால் அது அம்மாவிடம் சொன்னது. விதி மூன்றின்படி கணக்கில் வராது.

நாளைக்கு இங்கே முதல் டெஸ்ட். இருபது மதிப்பெண்ணுக்கு.